வெளிச்சத்துக்கான வழக்கு: பாரிஸ் கட்டடங்களில் ஒரு சிந்தனை வரலாறு

பாரிஸ் நகரின் தென்கரையில், செய்ன் ஆற்றங்கரையை விட்டுச் சற்றே ஏறி நடந்தால் செயிண்ட் ஜெனவியேவ் மேடு வரும். அதன் உச்சியில் ஒரு சதுக்கம். கிரேக்கத் தூண்களும் பெருங்குவிமாடமுமாக அங்கே நிற்பது பாந்தியோன். பிரெஞ்சு நாடு தன் பெரியோர்களை அடக்கம் செய்யும் மண்டபம். அதன் பின்புறம் செயிண்ட் எத்தியேன் தேவாலயம். கணித மேதையும் இறைநம்பிக்கையாளருமான பஸ்கால் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். வடக்குப் பக்கம் நீண்ட, எளிய கல்முகப்போடு ஒரு நூலகம். கூப்பிடு தூரத்தில் சொர்போன்.

மேற்கத்தியச் சிந்தனையின் கதையை நூல்களில் படிப்பது ஒரு வழி. பாரிசில் அதை நடந்தே படித்துவிடலாம். இந்த நகரில் தத்துவச் சண்டைகள் தாளோடு நிற்கவில்லை. கல்லிலும் கண்ணாடியிலும் இரும்பிலும் நடந்தன. அத்தனைக்கும் அடியில் ஒரே கேள்வி ஓடுகிறது. மனிதனுக்கு வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டும்? கடவுளிடமிருந்தா, பகுத்தறிவிலிருந்தா, ஆய்வுக்கூடத்திலிருந்தா? ஒவ்வொரு காலமும் தன் விடையைச் சன்னலாகவோ சுவராகவோ கட்டிவைத்தது.

சூஜேயின் சன்னல்கள்

பாரிசின் வடக்கு எல்லைக்கு அப்பால் இருக்கிறது செயிண்ட் தெனி. பிரெஞ்சு மன்னர்களின் கல்லறைகள் அங்குள்ள பேராலயத்தில்தான் உள்ளன. நகரின் நடுவிலிருந்து அதை நோக்கிப் போகும் பழைய சாலையில், லா சப்பல் பகுதியில், இன்று ஈழத்தமிழர்களின் மளிகைக் கடைகளும் உணவகங்களும் வரிசை பிடித்து நிற்கின்றன. பாரிஸ் தமிழர்கள் நாள்தோறும் புழங்கும் அந்தச் சாலையின் மறுமுனையில்தான் கோத்திக் கட்டடக்கலை பிறந்தது.

1122-இல் செயிண்ட் தெனியின் மடாதிபதியானவர் சூஜே. பழைய கோயில் இருட்டாக இருந்தது; திருநாள் கூட்டத்துக்கு இடம் போதவில்லை. அவர் அதைத் திருத்திக் கட்டத் தொடங்கினார். பலிபீடத்தைச் சூழ்ந்த புதிய பகுதி 1144 ஜூன் 11 அன்று அர்ச்சிக்கப்பட்டது. கூரான வளைவும் விலா எலும்பு போன்ற வளைவுக் கூரையும் அதற்கு முன்பே வேறிடங்களில் இருந்தவைதாம். சூஜேயின் கொத்தர்கள் அவற்றை ஒன்றாக இணைத்தார்கள். கூரையின் பாரம் மெல்லிய தூண்கள் வழியே கீழிறங்கியது. சுவருக்குச் சுமக்க வேலையில்லாமல் போயிற்று. சுமை இறங்கிய சுவரை அறுத்துக் கண்ணாடி பதித்தார்கள். நீலமும் சிவப்புமான ஒளி கல்தரையில் விழுந்தது.

இவ்வளவு வெளிச்சம் எதற்கு? அதன் விடையைத் தேட மடத்தின் ஏட்டறைக்குப் போகவேண்டும். 827-இல் பைசாந்தியப் பேரரசர் மிக்கேல், பிராங்கு மன்னர் பக்தி லூயிக்கு ஒரு கிரேக்க ஏட்டை அனுப்பினார். அது தியோனீசியுஸ் என்ற பெயரால் வழங்கிய நூல்தொகுதி. கடவுளே ஒளி; அந்த ஒளி விண்ணவர் வரிசை வழியே படிப்படியாக இறங்கி மண்ணை அடைகிறது; மண்ணிலுள்ள ஒளியைப் பற்றிக்கொண்டு மனிதன் திரும்ப மேலேற முடியும் என்று அது சொன்னது. ஏடு செயிண்ட் தெனி மடத்தில் வைக்கப்பட்டது. அதே நூற்றாண்டில் அயர்லாந்து அறிஞர் எரியுகேனா அதை லத்தீனாக்கினார். சூஜே தம் கோயிலின் கதவில் பொறித்த வரிகளும் ஒளியைப் பற்றியே பேசின. நூலுக்கும் சன்னலுக்கும் உள்ள உறவு எவ்வளவு நேரடியானது என்று வரலாற்றாசிரியர்கள் வாதிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பொருளைக் கடந்து பொருளற்றதை எட்டலாம் என்ற எண்ணம் சூஜேயின் சொந்த எழுத்திலேயே இருக்கிறது.

இதில் ஒரு வரலாற்றுத் திருப்பம் உண்டு. அந்த நூல்களை எழுதியவர் ஏதென்சில் புனித பவுலின் சீடரான தியோனீசியுஸ் என்று மடம் நம்பியது. பாரிசில் தலை வெட்டப்பட்ட புனித தெனியும் அவரே என்று நம்பியது. உண்மையில் நூல்கள் 500-ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டவை. மூன்று வேறு ஆட்கள் ஒருவராகிவிட்டார்கள். அந்த மடத்திலேயே துறவியாக இருந்த பியேர் அபெலார், பழைய நூலொன்றில் கண்ட குறிப்பை வைத்து, மடத்தின் புனிதரும் ஏதென்சுக்காரரும் ஒருவர்தானா என்று கேட்டார். மடம் கொதித்தெழுந்தது; அவர் தப்பி ஓட வேண்டியதாயிற்று. பிறகு மடாதிபதியான சூஜேதான் அவர் முறைப்படி விலகிப்போக இசைவு தந்தார். ஒருவர் தவறான வரலாற்றை நம்பி ஐரோப்பாவின் முகத்தை மாற்றிய கட்டடத்தை எழுப்பினார். இன்னொருவர் அந்த வரலாற்றைக் கேள்வி கேட்டு வெளியேறினார். மேற்கத்தியச் சிந்தனையின் இரு பாதைகளும் ஒரே மடத்து வாசலில் பிரிந்தன.

வைக்கோல் தெரு

அபெலார் பாடம் நடத்திய இடங்களில் செயிண்ட் ஜெனவியேவ் மேடும் ஒன்று. திருச்சபைத் தந்தையர் ஒருவருக்கொருவர் முரண்படும் இடங்களை 158 கேள்விகளாகத் தொகுத்து, 'ஆம், இல்லை' என்ற நூலை அவர் உருவாக்கினார். தீர்ப்பு சொல்லாமல் மாணவரிடமே விட்டார். ஐயத்திலிருந்துதான் ஆராய்ச்சி பிறக்கும் என்பது அவர் கொள்கை. அவரைத் தேடி வந்த மாணவர் கூட்டம்தான் தென்கரையைப் பள்ளிகளின் பேட்டையாக்கியது. 1215-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 1257-இல் ரொபேர் த சொர்போன், ஏழை இறையியல் மாணவர்களுக்காக ஒரு கல்லூரி தொடங்கினார். அவர் பெயர்தான் சொர்போன் ஆயிற்று.

நோத்ர தாம் பேராலயத்துக்கு எதிரே, ஆற்றின் தென்கரையில், ஃபுவார் தெரு என்று ஒரு குறுந்தெரு இன்றும் இருக்கிறது. அந்தப் பெயருக்கு வைக்கோல் என்று பொருள். கலைப்புல மாணவர்கள் தரையில் வைக்கோல் பரப்பி உட்கார்ந்து அரிஸ்டாட்டிலைக் கேட்ட தெரு அது. இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியத்தின் சொர்க்கப் பகுதியில் இந்தத் தெருவைக் குறிப்பிடுகிறார். அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களுக்கு 1210-இல் பாரிசில் தடை விதிக்கப்பட்டது. 1255-இல் அவையே கட்டாயப் பாடமாயின. 1277-இல் ஆயர் எத்தியேன் தாம்பியே 219 கருத்துகளைக் கண்டித்து அறிக்கை விட்டார். தடையும் பாடத்திட்டமும் மாறி மாறி வந்த அந்த ஆண்டுகளில்தான் தாமஸ் அக்குவினாஸ் பாரிசில் இரு முறை பேராசிரியராக இருந்து, நம்பிக்கையையும் அரிஸ்டாட்டிலின் தருக்கத்தையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவர முயன்றார்.

அதே காலத்தில் தெருமுனையிலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவில் நோத்ர தாம் வளர்ந்துகொண்டிருந்தது. 1163-இல் தொடங்கிய வேலையில், முகப்புக் கோபுரங்கள் முடிய 1250 ஆகிவிட்டது. கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி 1951-இல் ஒரு துணிச்சலான கருத்தை முன்வைத்தார்: அந்தக்கால இறையியல் நூல்களும் கோத்திக் பேராலயங்களும் ஒரே மனப்பழக்கத்தின் பிள்ளைகள். நூல் பகுதியாக, அதிகாரமாக, கேள்வியாகப் பிரிகிறது. கட்டடம் பெருவளைவாக, சிறுவளைவாக, மெல்லிய தூணாகப் பிரிகிறது. எந்தத் தூண் எந்த விலாவைத் தாங்குகிறது என்பதைக் கீழே நின்று கண்ணாலேயே தொடரலாம். வாதத்தை மறைக்காமல் படிப்படியாகக் காட்ட வேண்டும் என்ற ஒழுங்கு இரண்டிலும் உண்டு. கொத்தனார்கள் அக்குவினாஸைப் படித்தார்கள் என்று எவரும் சொல்லவில்லை. ஒரே ஊரில், ஒரே காற்றில் இருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

கயிறு பிடித்த நகரம்

1637-இல் தத்துவ அறிஞர் தெக்கார்த் தம் 'முறை பற்றிய உரை'யை வெளியிட்டார். அதன் இரண்டாம் பகுதியிலேயே கட்டடம் வந்துவிடுகிறது. பலர் கைபட்டு ஒட்டுப்போட்ட பழைய வீட்டைவிட ஒரே கட்டடக்கலைஞர் வரைந்த வீடு அழகு. தானாக வளர்ந்து கோணிய தெருக்களைவிடச் சமவெளியில் திட்டமிட்டு எழுப்பிய நகரம் ஒழுங்கு என்கிறார். அறிவையும் அப்படி அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டவேண்டும் என்பது அவர் எண்ணம். புதுப்பிப்பதற்காக ஒரு நகரின் வீடுகளையெல்லாம் யாரும் இடிப்பதில்லை என்றும் அவரே எச்சரிக்கிறார். பின்வந்தவர்கள் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்தார்கள்.

அவர் எழுதுவதற்கு முன்பே பாரிசில் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. நான்காம் ஹென்றி 1605-இல் தொடங்கி 1612-இல் முடிந்த அரச சதுக்கம், இன்றைய வோஜ் சதுக்கம். சிவப்புச் செங்கல்லும் வெளிர் கல்லுமாக, ஒரே உயரத்தில், ஒரே முகப்போடு நாற்புறமும் வீடுகள்.

ஆனால் புதிய அறிவின் கோயில் தெற்கே எழுந்தது. 1667 ஜூன் 21, கோடைத் திருப்ப நாள். அறிவியல் கழகத்தினர் நகருக்கு வெளியே ஒரு மேட்டில் கூடி, சூரியனை வைத்து வடக்கு தெற்காக ஒரு கோடு இழுத்தார்கள். அந்தக் கோட்டின் மேல்தான் பாரிஸ் வானாய்வகம் எழுந்தது. பிரான்சின் தீர்க்கரேகை அதன் நடுவே ஓடுகிறது. கோயிலைக் கிழக்கு நோக்கிக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், கட்டடத்தையே ஓர் அளவுக்கருவியாகத் திருப்பி வைத்தார்கள். அங்கே பணியாற்றிய டென்மார்க்கு அறிஞர் ரோமர், வியாழனின் துணைக்கோள் ஒன்று நிழலில் மறையும் நேரம் தள்ளிப்போவதைக் கணக்கிட்டு, ஒளி பரவ நேரம் எடுக்கிறது என்று 1676-இல் அறிவித்தார். சூஜேக்குத் தெய்வத்தின் சாயலாக இருந்த ஒளி, ஐந்து நூற்றாண்டில் வேகம் உடைய ஒரு பொருளாகிவிட்டது.

அந்த வானாய்வகத்தை வடிவமைத்த குளோத் பெரோ ஒரு மருத்துவர். ரோமானியக் கட்டடக்கலை ஆசான் விட்ருவியுசை 1673-இல் பிரெஞ்சில் தந்தவரும் அவரே. பத்தாண்டு கழித்து அந்த ஆசானின் அடித்தளத்தையே அசைத்தார். தூணின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் இயற்கையில் பொறித்த சட்டம் என்பது அதுவரை நம்பிக்கை. பெரோ மறுத்தார்: நல்ல கல், நுட்பமான வேலை, சமச்சீர் இவை யாருக்கும் அழகாகத் தெரியும், விகிதங்களோ பழக்கத்தால் பிடித்துப்போனவை. அவருடைய தம்பி சார்ல் பெரோ 1687-இல் தம் காலம் பண்டைக்காலத்துக்குக் குறைந்ததல்ல என்று கவிதை வாசித்து, பண்டையோர், புதியோர் சண்டையை மூட்டினார். முன்னோர் சொன்னதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்ற எண்ணம் அறிவொளிக்காலத்துக்குக் கதவு திறந்தது.

கோயிலா, கல்லறையா?

1744-இல் நோயில் விழுந்த பதினைந்தாம் லூயி, பிழைத்தால் புனித ஜெனவியேவுக்குப் புதுக்கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். வேலையைப் பெற்றவர் கட்டடக்கலைஞர் சுஃப்லோ. 1764-இல் மன்னர் அடிக்கல் நாட்டினார். கோத்திக் கட்டடத்தின் இலேசான கட்டுமானத்தையும் கிரேக்கத் தூண்களின் தூய்மையையும் சேர்க்கவேண்டும் என்பது சுஃப்லோவின் கனவு. கட்டடத்துக்கு அடிப்படை நான்கு மரக்கால்களும் ஒரு கூரையும் கொண்ட ஆதிக்குடிசையே என்று லோஜியே என்ற பாதிரியார் 1753-இல் எழுதியிருந்தார். தூண் தூணாகவே நின்று சுமக்கட்டும் என்ற அந்தக் கருத்தை சுஃப்லோ கல்லில் செய்து பார்த்தார். கல்லுக்குள் ஏராளமான இரும்புக் கம்பிகளை மறைத்தார். சுவரெங்கும் பெரிய சன்னல்கள் வைத்தார். 1780-இல் இறந்தார், வேலை 1790-இல் முடிந்தபோது நாட்டில் புரட்சி நடந்துகொண்டிருந்தது.

1791 ஏப்ரலில் தேசிய சட்டமன்றம் அந்தக் கோயிலைப் பெரியோர்களின் கல்லறையாக அறிவித்தது. ஜூலையில் வோல்தேரின் உடல் ஊர்வலமாக வந்தது. 1794-இல் ரூசோவும் வந்து, எதிரெதிராகக் கிடத்தப்பட்டார். வாழ்நாளில் ஒருவரையொருவர் சகிக்காதவர்கள். கட்டடத்தை மாற்றும் பொறுப்பு கத்ரமேர் த கேன்சியிடம் வந்தது. அவர் செய்த முதன்மையான வேலை, சுஃப்லோவின் சன்னல்களைக் கல்வைத்து அடைத்தது. கல்லறைக்குக் கனமும் நிழலும் வேண்டும் என்றார். அறிவொளியின் நாயகர்களுக்கு எடுத்த மண்டபம் சன்னல் மூடிய மண்டபமாயிற்று. அந்த அடைப்பு இன்றும் இருக்கிறது. வெளிச்சுவரை உற்றுப் பார்த்தால் சன்னல்களின் விளிம்பு தெரியும்.

நோத்ர தாமும் தப்பவில்லை. 1793-இல் அதன் முகப்பிலிருந்த 28 அரசர் சிலைகளைப் பிரெஞ்சு மன்னர்கள் என்று நினைத்து உடைத்தார்கள். அவர்கள் விவிலியத்தின் யூதா அரசர்கள். அந்த நவம்பரில் அதே பேராலயத்துக்குள் பகுத்தறிவுத் திருவிழா நடந்தது. உடைந்த சிலைகளின் தலைகளில் 21, 1977-இல் ஒரு வங்கிக் கட்டடத்தின் வேலையின்போது மண்ணுக்கடியில் கிடைத்தன. இப்போது க்ளூனி அருங்காட்சியகத்தில், ரோமானியர் குளித்த பழைய மண்டபத்தின் பக்கத்திலேயே இருக்கின்றன.

பாந்தியோனின் பிற்கால வரலாறு ஒரு நீண்ட வழக்கு. நெப்போலியன் 1806-இல் மேல்தளத்தை வழிபாட்டுக்குத் திருப்பித் தந்தார். 1830-இல் மறுபடி தேசிய மண்டபம். 1851 இறுதியில் மறுபடி கோயில். 1871-இல் நகர மக்கள் கிளர்ந்தெழுந்த பாரிஸ் கம்யூன் நாட்களில் குவிமாடச் சிலுவையின் கைகளை அறுத்து அதில் செங்கொடி கட்டினார்கள். 1885-இல் விக்டர் ஹியூகோவின் உடலை வரவேற்க, கடைசி முறையாகத் தேசிய மண்டபமாயிற்று. கம்யூனுக்குப் பிறகு மீண்டும் வைத்த சிலுவை மட்டும் இன்றும் உச்சியில் நிற்கிறது.

அந்த மாற்றங்களுக்கு நடுவே, 1851 மார்ச்சில், இயற்பியலாளர் லெயோன் ஃபூக்கோ குவிமாடத்திலிருந்து 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டார். ஊசல் ஆடும் திசை மணிக்கு மணி மெல்லத் திரும்புவதைக் கூட்டம் பார்த்தது. திரும்பியது ஊசல் அல்ல, காலுக்கடியில் இருந்த தரை. பூமி சுழல்கிறது என்பதை வானத்தைப் பார்க்காமலே ஓர் அறைக்குள் காட்டிவிட்டார். ஆண்டு முடிவில் கட்டடம் கோயிலானதும் ஊசல் போய்விட்டது. 1995-இல் அதன் நகல் மீண்டும் தொங்கத் தொடங்கியது. அதே 1995-இல்தான் மேரி கியூரி, தம் சொந்தச் சாதனைக்காக அங்கே இடம்பெற்ற முதல் பெண்ணானார்.

810 பெயர்கள்

ஃபூக்கோவின் ஊசல் ஆடிய அதே 1851-இன் தொடக்கத்தில், சதுக்கத்தின் வடக்குப் பக்கம் செயிண்ட் ஜெனவியேவ் நூலகம் திறந்தது. வடித்தவர் ஆன்ரி லப்ரூஸ்த். ஹியூகோவின் நோத்ர தாம் நாவலில் ஒரு குருவானவர் அச்சுப் புத்தகத்தையும் பேராலயத்தையும் மாறி மாறிப் பார்த்து, இது அதைக் கொன்றுவிடும் என்று அஞ்சுவார். மனிதகுலம் அதுவரை தன் சிந்தனையைக் கட்டடங்களில் எழுதியது, இனிப் புத்தகத்தில் எழுதும் என்பது ஹியூகோவின் வாதம். லப்ரூஸ்தின் நூலகத்தை அந்த வாதத்துக்கு விடையாகப் படித்த அறிஞர்கள் உண்டு. சிலைகளோ பெருந்தூண்களோ இல்லாத அந்த முகப்பில், மோசே முதல் சுவீடன் வேதியியலாளர் பெர்செலியுஸ் வரை 810 எழுத்தாளர்களின் பெயர்களைக் காலவரிசையில் வெட்டிவைத்தார். வேதத்தில் தொடங்கி ஆய்வுக்கூடத்தில் முடியும் வரிசை. பெயர்களுக்குப் பின்னால், சுவரின் மறுபக்கம், புத்தக அடுக்குகள்.

மாடியில் வாசிப்பு அறை. நடுவே 16 மெலிந்த வார்ப்பிரும்புத் தூண்கள், அவற்றின் மேல் பூவேலைப்பாடு கொண்ட இரும்பு வளைவுகள். சுஃப்லோ கல்லுக்குள் மறைத்த இரும்பை லப்ரூஸ்த் வெளியே எடுத்தார். எரிவாயு விளக்குகளும் பொருத்தினார்கள். பகலில் வேலைக்குப் போகும் மாணவர்கள் இரவில் வந்து படித்தார்கள். சூரியன் இறங்கிய பிறகும் எரியும், மனிதன் ஏற்றிய வெளிச்சம்.

வரிசையில் கடைசியாக நிற்கும் பெர்செலியுசுக்குத் தெக்கார்த்தோடு ஒரு விந்தையான தொடர்பு. தெக்கார்த் 1650-இல் ஸ்டாக்ஹோமில் இறந்தார். அவர் எலும்புகள் 1667-இல் இந்த மேட்டின் செயிண்ட் ஜெனவியேவ் மடத்தில் அடக்கமாயின. 1793-இல் அவரைப் பாந்தியோனுக்கு மாற்றத் தீர்மானம் போட்டார்கள், நிறைவேறவில்லை. 1819-இல் எலும்புகள் செயிண்ட் ழெர்மேன் தேவாலயத்துக்குப் போயின. மண்டையோடு என்று கருதப்படுவதைச் சுவீடனில் வாங்கி, 1821-இல் பாரிசுக்கு அனுப்பியவர் பெர்செலியுஸ். அது மனித அருங்காட்சியகத்தின் உடைமையாக இருக்கிறது. உடலும் மனமும் வேறுவேறு என்று வாதிட்டவரின் உடல் ஒரு கரையிலும் தலை மறு கரையிலும் கிடக்கின்றன. அவர் கிடக்கும் தேவாலயத்துக்கு எதிரே உள்ள காபிக்கடைகளில்தான், 1940-களில் சார்த்தரும் சிமோன் த பொவாரும் மனித விடுதலையைப் பற்றி எழுதினார்கள்.

இரும்பும் கண்ணாடியும்

மனித அறிவு இறையியல், மெய்ப்பொருளியல், அறிவியல் என்று மூன்று படிகளில் ஏறுகிறது என்றார் தத்துவ அறிஞர் ஒகுஸ்த் கோம்த். அவர் சிலை சொர்போன் சதுக்கத்தில் இருக்கிறது. அந்த நம்பிக்கையின் மிகப்பெரிய சின்னம் 1889-இல், புரட்சியின் நூற்றாண்டில் எழுந்த ஐஃபில் கோபுரம். முதல் தளத்துக்குக் கீழே நாற்புறமும் 72 அறிவியலாளர், பொறியாளர் பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஒரு பெண் பெயர்கூட இல்லை. உலோகங்களின் மீள்தன்மைக் கணக்குக்கு அடிகோலிய சோஃபி ஜெர்மேனையே விட்டுவிட்டார்கள். அதே ஆண்டுகளில் வடக்கே மோன்மார்த்ர் குன்றில், கம்யூன் எழுச்சி தொடங்கிய இடத்தில், பாவப் பரிகாரமாக வெள்ளைக்கல் சாக்ரே கேர் பேராலயம் எழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் யாருடையது என்ற வழக்கு வானவிளிம்பிலேயே நடந்தது.

லப்ரூஸ்தின் இன்னொரு பெரிய வேலை, 1868-இல் முடிந்த தேசிய நூலக வாசிப்பு அறை. இரும்புத் தூண்களின் மேல் ஒன்பது குவிமாடங்கள். அங்கே அமர்ந்துதான் ஜெர்மானிய யூத அறிஞர் வால்டர் பெஞ்சமின், பாரிசின் கண்ணாடிக் கூரைக் கடைவீதிகளை வைத்து 19-ஆம் நூற்றாண்டின் முதலாளியக் கனவுகளைப் படித்தார். 1940-இல் நாஜிப் படைகள் நெருங்கியபோது, தம் கையெழுத்துப் பிரதிகளை அந்த நூலகத்தில் பணிபுரிந்த எழுத்தாளர் ழார்ழ் பத்தாயிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அதே ஆண்டு எல்லையில் இறந்தார். நகரத்தைப் பிரதியாகப் படிக்கும் வழியை இருபதாம் நூற்றாண்டுக்குக் கற்றுத்தந்தவர்களில் அவரே முதன்மையானவர்.

1996-இல் வாசகர்களுக்குத் திறந்த புதிய தேசிய நூலகம், திறந்து வைத்த புத்தகங்களைப் போல நான்கு கண்ணாடிக் கோபுரங்களோடு ஆற்றங்கரையில் நிற்கிறது. புத்தகங்கள் கோபுரங்களில், வாசகர்கள் கீழே. வெயில் தாளைக் கெடுக்கும் என்ற எதிர்ப்பு எழுந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மரத் தட்டிகள் பொருத்தப்பட்டன.

எந்தச் சிந்தனையும் பாரிசில் முழு வெற்றி பெறவில்லை. ஒன்று வென்றபோதும் மற்றதன் கட்டடத்தில்தான் குடியேறியது. முழுதாக இடித்த இடங்களில்தான் உண்மையான இழப்பு. தெக்கார்த் பாரிசில் முதலில் அடக்கமான மடத்தின் கோயில் 1807-இல் தெருப்போட இடிக்கப்பட்டது. ஒரு கோபுரம் மட்டும் பள்ளி வளாகத்துக்குள் மிச்சம். பாரிசுக்குப் போகும் தமிழர்கள் ஐஃபில் கோபுர வரிசையில் நிற்கும் நேரத்தில் பாதியை இந்த மேட்டுக்கு ஒதுக்கட்டும். பாந்தியோனின் அடைத்த சன்னல்களையும் எதிரேயுள்ள 810 பெயர்களையும் தெருவில் நின்றே படிக்கலாம். கட்டணம் கிடையாது.